'ஹரி' என்றால் அவசரம் அல்ல

1

போன வருடம் இதே நாள், இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊரில், ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், நர்ஸ் செல்வராஜ் என்பவர் ஒரு டாக்டரை மூன்று முறை அவசரப்படுத்தினார் என்று எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தச் செல்வராஜ் நான்தான். ஆனால் நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. எங்கள் பரம்பரையிலேயே யாரும் யாரையும் அவசரப்படுத்தியதில்லை. இலங்கை மலையகத்து லிந்துலையில் பிறந்தவனுக்கு அந்த வசதி கிடையாது; பஸ் வரும்போதுதான் வரும்.

இன்று அதே அறையில், அதே டாக்டருடன், அதே வேலையில் என்னை மறுபடியும் நிறுத்திப் பரீட்சை வைத்தார்கள். இதை எழுதும்போது என் வலது உள்ளங்கை இன்னும் எரிகிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போன் எடுத்தால், "நீ அங்க என்னா வேலைப்பா செய்ற?" என்பார்கள். "நர்ஸ்" என்பேன். "ஓ... சரி சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று, எனக்கே ஏதோ வியாதி வந்த மாதிரிப் பேச்சை முடித்துவிடுவார்கள். இந்த முறை விடமாட்டேன்.

கடுமையாக நோயுற்றவர்களுக்குக் கையிலிருக்கும் சின்ன நரம்பு போதாது. சில மருந்துகள் அதற்குத் தாங்காத காரம். அப்போது கழுத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாயில் ஊசி போட்டு, ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேலே ஒரு நீளக் குழாயைக் கோத்து இதயத்தின் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிறகு கம்பியை உருவி எடுத்துவிட வேண்டும். 'சென்ட்ரல் லைன்' என்பது அதுதான். சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. ஐம்பத்தொரு வயதில் ஒருவனுக்கு இப்படிப் பரபரக்கும் விஷயம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

ஊசி போடுவது டாக்டர். மற்றதெல்லாம் நான். நோயாளியிடம் விளக்கம் சொல்வது, ஒவ்வாமை கேட்பது, இரத்தம் உறையும் கணக்கைப் பார்ப்பது, பொதிகளை உள்ளே கைபடாமல் பிரித்துக் கொடுப்பது, கழுத்து இரத்தக் குழாயில் இரத்தம் நிரம்பவும் காற்றுப் புகாமல் இருக்கவும் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவது, தடவிய மருந்து காயும்வரை டாக்டரைத் தொடவிடாமல் வைத்திருப்பது. கிருமி நீக்கிய துணி போர்த்திய பிறகு டாக்டருக்குத் தெரிவது ஒரு சாண் கழுத்தும் ஸ்கேன் திரையும் மட்டுமே. துணியின் ஓரத்தைத் தூக்கினால் நோயாளியின் முகமும், நிமிர்ந்தால் இதயம் ஓடும் திரையும் எனக்குத்தான் தெரியும். கம்பி கொஞ்சம் அதிகமாக உள்ளே போனால் இதயத்தின் சுவரைத் தொடும். இதயம் கூச்சப்பட்டுத் தாளம் தப்பும். அதைப் பார்த்தவுடன் நர்ஸ் "ஸ்டாப்" சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய டாக்டரானாலும் நிறுத்தியே ஆகவேண்டும்.

திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவன் ஸ்டாப் சொன்னால் டாக்டர் நிறுத்த வேண்டும்! இந்த அதிகாரத்தைக் கையெழுத்துப் போட்டுத் தருவதற்கு முன்னால்தான் பரீட்சை. முதல் முறை தவறினேன். இரண்டாம் முறையும் தவறினால் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே லைன் போடமாட்டார்கள். கழுத்துப் பக்கமே போக வேலை இருக்காது.

2

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல்.

எங்கள் பக்கம் லயத்தில் தமிழ், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அரை இங்கிலீசு, ரோட்டுக்கு இறங்கினால் சிங்களம். அந்தச் சிங்களத்திலிருந்து ஒரு சொல் மேடேறி வந்து எங்கள் வீட்டுக்குள்ளேயே குடியிருந்துவிட்டது: 'ஹரி'. 'சரி' என்பதுதான் பொருள். நல்லது, போதும், பயப்படாதே, ஆகட்டும், போனை வைக்கிறேன் என எல்லாவற்றுக்கும் அதுவேதான். மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில், சிங்களம் பேசும் டாக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத்து அம்மாவுக்கும் நடுவில் நின்று இருவருக்குமாக ஒரே 'ஹரி'யைச் சொல்லி எத்தனையோ நாளை ஓட்டியிருக்கிறேன்.

இங்கே வந்த புதிதில் என்னோடு தங்கியிருந்த மதுரைக்காரர் ஒருவர், நான் எதற்கெடுத்தாலும் ஹரி ஹரி என்பதைக் கேட்டு, என்னைப் பெருமாள் பக்தன் என்று நம்பி ஒரு வாரம் முட்டைகூடச் சமைக்காமல் இருந்தார். நான் அந்தோனியார் கோயில்காரன் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

என் அண்ணன் பிலிப் ஹட்டன் பாதையில் பஸ் கண்டக்டர். எங்கள் ஊரில் கண்டக்டர் வேறு, கண்டாக்கு வேறு. கண்டாக்கு தோட்டத்து உத்தியோகத்தர். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பார். கண்டாக்கு நம்மைக் கிழிப்பார். அண்ணன் முதல் வகை. ஹட்டன் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது பார்க்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. அண்ணன் பின்பக்கம் நின்று, "ஹரி... ஹரி... ஹரி..." என்று தாலாட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தம் இருக்கும்வரை பஸ் மெல்ல மெல்ல வரும். நிறுத்த வேண்டுமென்றால் வாயால் சொல்லமாட்டான். தகரத்தில் பலமாக ஒரே ஒரு தட்டு. இரண்டு தட்டினால் போகலாம், ஒன்று என்றால் நில். பள்ளிக்கூட விடுமுறையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று நானும் தட்டியிருக்கிறேன்.

3

போன வருடம் நடந்தது இதுதான்.

நோயாளி ஒரு முதிய பெண்மணி. துணிக்குள் முகம் மூடியவுடன் பயந்துபோனார். கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ரூத் கம்பியை உள்ளே விடத் தொடங்கினார். ரூத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது, நல்ல கை. அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்தார். என் வாய் என்னைக் கேட்காமலேயே தாலாட்டத் தொடங்கியது: "ஹரி... ஹரி... ஹரி..."

இங்கிலீசுக் காதுக்கு அது 'ஹர்ரி': 'சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம்'.

ரூத் என்ன நினைப்பார்? திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸ் சீக்கிரம் என்கிறான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சடசடவென்று கம்பியை உள்ளே தள்ளினார். திரையில் இதயம் தாளம் தப்பியது, மணி அலறியது. ரூத் உடனே கம்பியைப் பின்னுக்கு இழுத்ததால் எல்லாம் அடங்கியது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "யாருக்குப்பா இவ்வளவு அவசரம்?" என்று மட்டும் துணிக்குள்ளிருந்து கேட்டார்.

பரீட்சை வைத்த சிஸ்டர் ஹில்டா மூலையில் நின்று எழுதினார். இருபத்தைந்து வருடமாக அந்தப் பிரிவை நடத்துகிறவர். சிரிப்பைக்கூட ஒருமுறை சரிபார்த்த பிறகே வெளியே விடுவார்.

"செல்வராஜ், நீங்க ஏன் அவங்களை அவசரப்படுத்தினீங்க?"

"சிஸ்டர், நான் அவசரப்படுத்தலை. ஹரின்னுதான் சொன்னேன்."

"அதைத்தானே நானும் கேட்கிறேன்."

இப்படி ஐந்து நிமிடம் பேசினோம். ஒவ்வொரு முறை நான் விளக்கியபோதும் குற்றம் மேலும் உறுதியானது.

4

இந்த நாட்டில் நர்ஸ் கையிலிருந்து பஞ்சு விழுந்தாலும் அதைப் பற்றிச் சிந்தித்து எழுதித் தர வேண்டும். என்ன நடந்தது, எப்படி உணர்ந்தீர்கள், அடுத்த முறை வேறு விதமாக என்ன செய்வீர்கள் என்று மூன்று பெட்டிகள் போட்ட படிவம் இருக்கிறது. நான் நிறைய வாசிக்கிறவன். எழுத்து என்றால் குஷி வந்துவிடும். சிங்களம் மலையகத் தமிழுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று தொடங்கி, தேயிலை, ரயில்பாதை எல்லாவற்றையும் தொட்டு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஹில்டா வாசித்துவிட்டு, "சுவையாக இருக்கிறது. மூன்றாவது பெட்டி காலியாக இருக்கிறது" என்றார்.

மூன்றாவது பெட்டியில், 'இனி ஹரி என்று சொல்லமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தாய்மொழியில் இல்லாத ஒரு சொல்லை, மூன்றாவது ஒரு மொழியில் சத்தியம் செய்து கைவிட்டவன் எங்கள் மலையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரூத் என்னைத் தேடிக்கொண்டு தேநீர் அறைக்கு வந்தார். கோபமாக வருகிறார் என்று எழுந்து நின்றுவிட்டேன். டாக்டரைக் கண்டால் கால் தானாக எழும், அது பழைய வியாதி.

"உட்காருங்க செல். அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே என்ன அர்த்தம்?" செல்வராஜை அவர் 'செல்' என்று சுருக்கிவிட்டார்.

சொன்னேன். அண்ணனைச் சொன்னேன், ஹட்டன் ஸ்டாண்டைச் சொன்னேன், பின்னுக்கு வருகிற பஸ்ஸைச் சொன்னேன். மேசையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்திக்காட்டினேன். கோப்பைகள் குதித்தன. ரூத் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்போ அன்னைக்கு நீங்க என்னை மெதுவா வரச் சொல்லியிருக்கீங்க. நான் என்னடான்னா பள்ளத்துல விடப் பார்த்தேன்!"

அதற்குப் பிறகு நடைக்கூடத்தில் என்னைக் கண்டால் இரண்டு அடி பின்பக்கமாக நடந்து காட்டாமல் போகமாட்டார்.

5

வருடம் முழுவதும் அந்தச் சொல்லை நாக்கிலிருந்து எடுக்கப் பாடுபட்டேன். காவலுக்கு மகள் ஷாலினியை வைத்தேன். பதினைந்து வயது. தமிழ் விளங்கும், பதில் மட்டும் இங்கிலீசில் வரும். அப்பாவின் தவற்றைப் பிடிக்கிற வேலை என்பதால் சம்பளம் கேட்காமல் ஒப்புக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில், காரில், கோயிலில் பூசை நடுவில் என்று எங்கேயும் "அப்பா! ஹரி!" என்று கத்துவாள். பாதிரியார் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஒரு நாள் அவளே போனில் சிநேகிதியிடம் "ஹரி, ஹரி, பை" என்றாள்.

"நீ மட்டும் சொல்லலாமா?"

"எனக்கு நல்லா வர்ற ஒரே தமிழ் வார்த்தை அதான்ப்பா."

"அது தமிழே இல்லம்மா, சிங்களம்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பதினைந்து வருடம் தமிழ் என்று நம்பிக் காப்பாற்றி வைத்திருந்தது சிங்களமாகப் போய்விட்டது. "அப்போ எனக்குத் தமிழ்ல என்னதான் தெரியும்?" என்று கேட்டாள், அதையும் இங்கிலீசில்.  அந்த இடத்தில் வழக்கமாக நான் சொல்வது 'ஹரி, ஹரி' என்பதுதான்; அதற்கும் இப்போது தடை.

அண்ணனிடம் சொன்னபோது அவன் கவலை வேறு மாதிரி இருந்தது.

"டேய், ஹரின்னு சொல்லாம பஸ்ஸ எப்பிடிடா பின்னுக்கு எடுப்பாங்க அங்க?"

"நான் பஸ் எடுக்கலண்ணே. ஒருத்தர் கழுத்துல கம்பி விடுறோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே. பின்னால நிக்கிறவன் பாத்துச் சொல்லணும். அவ்ளோதான்."

6

இன்று காலை பதினொரு மணி.

நோயாளி பெயர் கெனத். எழுபத்தெட்டு வயது, உடம்பில் கிருமி பரவி இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. அழுத்தத்தை ஏற்றும் மருந்து போக லைன் வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிவிட்டு, பயம் போக, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"பஸ் டிரைவர்ப்பா. மாடி பஸ். முப்பது வருசம்."

எனக்கு உடம்பு புல்லரித்தது. வாயைத் திறந்தால் ஹட்டன் ஸ்டாண்டு வந்துவிடும் என்று பயந்து, "எங்க அண்ணன் கண்டக்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"நல்ல கண்டக்டரா?"

"அவரைக் கேட்டா நல்ல கண்டக்டர்தான்."

மூலையில் சிஸ்டர் ஹில்டா, கையில் படிவம். பெயர், கைப்பட்டை, ஒவ்வாமை, இரத்தக் கணக்கு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லோரும் நின்று அவரவர் பெயரையும் வேலையையும் சொன்னோம். கட்டிலைத் தாழ்த்தினேன். மருந்து காயட்டும் என்று ரூத்தை அரை நிமிடம் காக்கவைத்தேன். அதிகாரத்தை அனுபவிக்க எனக்குப் பிடித்த இடம் அது. துணி போர்த்தியாயிற்று. என் இடது கையைத் துணிக்கு அடியில் கெனத் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கை, எலும்பை நொறுக்குகிற பிடி.

ஊசி போயிற்று. இரத்தம் வந்தது. கம்பி போகத் தொடங்கியது. கெனத்தின் விரல்கள் இறுகின. என் நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. விழுங்கினேன். "நல்லாப் போகுது கெனத், அசையாம இருங்க" என்று இங்கிலீசில் சொன்னேன். ஹில்டாவின் பேனா எதையோ குறித்தது. எனக்குள் ஒரு பாண்டு வாத்தியமே வாசித்தது.

அப்போதுதான் திரையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது. அடுத்து ஒன்று. பிறகு மூன்று சேர்ந்து.

சொல்ல வேண்டியது ஒரே சொல். ஒரு வருடமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த சொல். வாயைத் திறந்தேன். இருந்த மூன்று மொழியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. ஹரியை அடைத்த கதவில் எல்லாமே அடைபட்டுவிட்டது.

என் வலது கை வாய்க்காகக் காத்திருக்கவில்லை. பின்னால் காலியாக நின்ற இரும்பு ட்ராலியில், உள்ளங்கை விரிய, ஒரே ஒரு தட்டு.

டங்!

ரூத்தின் கை அந்த இடத்திலேயே நின்றது. திடுக்கிடவில்லை, ஒரு மயிரிழை அசையவில்லை. அப்புறம்தான் என் வாய்க்கு வழி கிடைத்தது. "ஸ்டாப்! தாளம் தப்புது. கம்பியைப் பின்னுக்கு எடுங்க."

எடுத்தார். இரண்டு சென்டிமீட்டர். திரையில் இதயம் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியது.

 கழுத்தில் ஊசி இருக்கும்போது நர்ஸ் இரும்பில் அடிப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்று எனக்குத் தெரியும். சாதாரண வார்டின் வாசனைகூட மூக்குக்கு வந்துவிட்டது.

"செல்வராஜ்," என்றார் ஹில்டா. "படிவத்தில் 'வாய்மொழியாக நிறுத்தச் சொல்கிறார்' என்று இருக்கிறது. நீங்க முதலில் தட்டினீங்க."

"ஆமாம் சிஸ்டர்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு தட்டு. எந்த ஊரு பஸ்லயும் ஒண்ணுன்னா நில். அது தெரியாதவங்க இந்த அறையில யாராவது இருக்கீங்களா?"

"நீங்க பேசக்கூடாது கெனத்," என்றேன்.

"அசையக்கூடாதுன்னுதானே சொன்ன? நான் அசையல. முப்பது வருசத்துல என்னை இவ்வளவு தெளிவா யாரும் நிறுத்தினதில்ல."

ரூத் கழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எனக்கும் புரிஞ்சது சிஸ்டர். செல் போன வருசமே சொல்லிக் கொடுத்திருந்தார்."

ஹில்டா படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ட்ராலியைப் பார்த்தார். பிறகு 'வாய்மொழியாக' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு போட்டு, மேலே 'கேட்கும்படியாக' என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் வைத்தார். எழுதும்போது அந்த உதட்டோரம், ஒருமுறை சரிபார்த்து, கொஞ்சம் அசைந்தது.

மற்றதெல்லாம் ஓடிப்போயிற்று. குழாய் கம்பி மேல் ஏறி உட்கார்ந்தது. கடைசியில் ரூத் கம்பியை முழுவதும் உருவி வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். முழுக்கம்பியும் வெளியே வந்துவிட்டதை நர்ஸ் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் வேலை முடியாது. நுனிமுதல் நுனிவரை பார்த்தேன்.

ரூத் புருவத்தை உயர்த்தினார். "ஹரி?"

நான் ஹில்டாவைப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியில் நான் வைத்த கையெழுத்து அவரிடம்தான் இருக்கிறது.

"கேள்வி கேட்டிருக்காங்க, பதில் சொல்லுங்க," என்றார் ஹில்டா.

"ஹரி," என்றேன். ஒரு வருடத்துக்குப் பிறகு. ஆகா!

7

எக்ஸ்ரே பார்த்து, லைன் சரியான இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகி, மருந்து ஏறி, கெனத்தின் அழுத்தம் மேலே வரத் தொடங்கிய பிறகு வெளியே வந்து அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அங்கே மாலை ஆறு மணி. ஸ்டாண்டின் இரைச்சல் காதைப் பிளந்தது. கையெழுத்துப் போட்ட தாளை மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பாஸ்!"

"எதுல?"

"பரீட்சையிலண்ணே! இனி நான் ஸ்டாப்னு சொன்னா டாக்டர் நிப்பாட்டணும். எழுதிக் குடுத்துட்டாங்க!"

"அட்றா! எப்பிடி நிப்பாட்டுன?"

"ஒரு தட்டுத் தட்டினேன்."

 அண்ணன் சிரித்தான். இருமும்வரை சிரித்தான்.

"நான் இருவத்தெட்டு வருசமாத் தட்டுறேன்டா. எனக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?"

 அவனுக்குப் பின்னால் ஒரு ஹாரன் அடித்தது.

"ஹரி ஹரி, வையி. பஸ்ஸ பின்னுக்கு எடுக்கணும்."

போனை வைக்க மறந்துவிட்டான். அதனால் நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அவன் ஹரி ஹரி என்று தாலாட்டியதும், பஸ் உறுமிக்கொண்டு பின்னுக்கு வந்ததும், கடைசியில் தகரத்தில் விழுந்த அந்த ஒரு தட்டும் கேட்டது.

பஸ் நின்றது.